தேய வேண்டியது எது?

மூணாறுக்குக் கீழே, பள்ளிவாசல் நீர்மின் திட்டத்தை ஒட்டி இருக்கும் சித்திரபுரத்தில் பழைய ஜீப்புக்குப் பஞ்சமில்லை. எஸ்டேட் லயங்களுக்கு அரிசி மூட்டை ஏற்றிய வண்டியே பிறகு ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றியிருக்கும்; அதற்குப் பிறகு சுற்றுலா வந்தவர்களை மலை உச்சிக்குக் கொண்டுபோயிருக்கும். இப்போது அந்த வண்டிகளுக்கு இன்னொரு வாழ்வும் வாய்த்திருக்கிறது. கோயம்புத்தூரிலிருந்தும் கொச்சியிலிருந்தும் வருகிறவர்கள் அவற்றைத் தேடி வாங்கி, பழைய கோலத்துக்கே மீட்டெடுக்கிறார்கள். துரு தட்டி, பெயிண்ட் அடித்து, இருக்கை தைத்து, எஞ்சினைப் பிரித்துக் கோத்த பிறகு, பட்டறையில் ஏறக்குறைய சடங்காகிவிட்ட ஒரு வேலை மிஞ்சுகிறது: அடியில் இருக்கும் புஷ் அத்தனையையும் கழற்றிவிட்டுப் புதியவற்றைப் போடுவது.

இந்த வழக்கத்தை நான் ஆதரிக்கிறேன். ஆனால் அது இன்று செய்யப்படும் விதத்தில் பாதி வேலை நடக்காமல் போகிறது. சில நேரம் வண்டிக்குக் கேடும் விளைகிறது. எந்தப் புஷ் உயர்ந்தது என்று பேசுவதற்கு முன்னால், புஷ் எதற்காக இருக்கிறது என்ற கேள்விக்குப் போக வேண்டும்.

1940களின் இறுதியில் பம்பாயில் வில்லிஸ் ஜீப்புகளைப் பொருத்தத் தொடங்கிய மகிந்திரா, அமெரிக்காவில் 1968இலேயே நின்றுபோன சிஜே3பி மாடலை அதற்குப் பின்னும் பல பத்தாண்டுகள் இங்கே தயாரித்தது. மலைத்தோட்டங்களில் நாம் பார்க்கும் பழைய ஜீப்புகள் பெரும்பாலும் அந்த மரபில் வந்தவை. முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என முழு அச்சுகள். அவற்றின் மேல் வண்டியைத் தாங்க நான்கு கமான் பட்டைகள். ஒவ்வொரு பட்டையும் ஒரு முனையில் சேஸோடு நிலையாகப் பிணைந்திருக்கும். பட்டை அழுந்தும்போது நீளம் மாறுவதால் மறுமுனை ஷேக்கிளில் தொங்கும். ஷேக்கிளுக்கு மேலே ஒரு மூட்டு, கீழே ஒரு மூட்டு. ஆக, பட்டைக்கு மூன்று வீதம் பன்னிரண்டு மூட்டுகள். பன்னிரண்டிலும் மூட்டின் பின்னும் அது நுழையும் துளையும் நேரடியாக உரசாதபடி இடையில் நிற்பதுதான் புஷ்.

இன்றைய கார்களில் அச்சைப் பிடித்து நிறுத்தத் தனித்தனிக் கைகள் உண்டு. இந்த ஜீப்பில் எல்லாப் பொறுப்பும் பட்டைக்கே. எடையைத் தாங்குவதும் அச்சை அதன் இடத்தில் நிறுத்துவதும் அதுதான். சக்கரம் தள்ளும் விசையும் பிரேக் பிடிக்கும் விசையும் வண்டியைச் சென்றடைவதும் அதன் வழியேதான். எனவே புஷ் தேய்ந்தால் சத்தம் வருவதோடு நிற்பதில்லை, அச்சே நகரத் தொடங்குகிறது. போடிமெட்டு கொண்டைஊசி வளைவுகளில் இறங்கும்போது ஸ்டியரிங்கைத் திருப்பாமலே வண்டி ஒரு பக்கம் சாய்ந்து போவது, பிரேக் மிதித்தவுடன் இழுப்பது, குழியில் விழுந்தெழுந்தால் முன் சக்கரங்கள் உதறுவது ஆகியவற்றுக்குக் கிங் பின்னும் டை ராடு முனைகளும் காரணமாகலாம். அவற்றை மாற்றியும் தீராத உதறலுக்கு விடை பெரும்பாலும் பட்டை முனையில்தான் இருக்கும்.

எல்லாவற்றையும் ஒருசேர மாற்றும் வழக்கத்தின் முதல் பலம் இங்கே தெரிகிறது. இடப்பக்கம் புது புஷ், வலப்பக்கம் பழையது என்றிருந்தால் இரு பக்கமும் ஒரே அளவு நகராது. அச்சு கோணலாக நிற்கும். தொகுதியாக மாற்றுவதே முறை. இரண்டாவது பலம் சிக்கனம். பெயிண்டுக்கும் பாடி வேலைக்கும் ஆகும் செலவோடு ஒப்பிட்டால் புஷ் செலவு அற்பம். அதனால் கிடைக்கும் பாதுகாப்போ பெரிது. மூன்றாவது பலம், பட்டையைக் கழற்றாமல் இந்த வேலை நடக்காது என்பது. கழற்றினால்தான் பட்டை அடுக்கில் முறிந்த இலை, தளர்ந்த யூ போல்ட், தேய்ந்த சென்டர் போல்ட் எல்லாம் வெளிச்சத்துக்கு வரும்.

குறைகளும் அங்கேதான் தொடங்குகின்றன. புஷ் மட்டும் தனியாகத் தேய்வதில்லை. பல ஆண்டுகள் கிரீஸ் காணாமல் ஓடிய வண்டியில் ஷேக்கிள் பின் ஒரு பக்கமாகக் குழிந்திருக்கும். பட்டையின் சுருட்டிய முனை வட்டம் கெட்டிருக்கும். சேஸ் பிராக்கெட்டின் துளை முட்டை வடிவமாகியிருக்கும். அளவெடுக்காமல் புது புஷ்ஷை மட்டும் அடித்து இறக்கினால் முதல் சில வாரம் வண்டி நன்றாக ஓடும், பிறகு பழைய ஆட்டம் திரும்பிவிடும். பழி புஷ்ஷின் மேல் விழும். அதைவிடக் கடினமான புஷ்ஷைத் தேடிப் போகும் பழக்கத்துக்கு இந்தத் தவறான பழியும் ஒரு காரணம். வெர்னியர் காலிப்பரை எடுத்துப் பின்னையும் துளையையும் இரண்டு திசையில் அளந்து பார்க்க அதிக நேரம் ஆகாது. பட்டறைகளில் மிகுதியாக விட்டுப்போகும் வேலையும் அதுவே.

பழையதை எடுக்கும் விதம் இன்னொரு குறை. துருப்பிடித்து இறுகிய ரப்பர் புஷ்ஷைக் கேஸ் வெல்டிங் தீயால் சுட்டு எரிப்பது எளிதான வழி. ஆனால் கமான் பட்டை, சூடாக்கிக் குளிரவைத்துப் பதப்படுத்திய எஃகு. முனையைச் சிவக்கச் சுட்டால் அந்தப் பதம் போய்விடும். வண்டியின் முழு இழுவையையும் தாங்கும் இடம் அதுதான். நாளை அங்கேயே விரிசல் விடும். எரியும் ரப்பரின் புகையைச் சுவாசிப்பவரின் உடம்பும் கெடும். நீண்ட போல்ட்டும் பொருத்தமான குழாய்த் துண்டும் வைத்து இழுத்தெடுக்கலாம், பிரஸ்ஸில் தள்ளலாம், வெளி உறையை ஹேக்சாவால் கவனமாகக் கீறித் தளர்த்தலாம். நேரம் கூடுதலாகும் என்பதைத் தவிர இவற்றில் பாதகம் எதுவும் இல்லை.

அடுத்தது, எதைப் போடுவது என்ற தேர்வு. இன்று முன்னால் இருப்பவை மூன்று வழிகள்.

முதல் வழி, வண்டி பிறந்தபடியே விடுவது. பழைய வில்லிஸ் மரபில் நிலையான முனையில் வெண்கலப் புஷ்ஷும், யூ வடிவ ஷேக்கிளில் மரை போட்ட எஃகு புஷ்ஷும் இருக்கும். மரையில் வலஞ்சுழி, இடஞ்சுழி என இரு வகை உண்டு. புஷ்ஷின் தலையைச் சுற்றி ஒரு வெட்டுக்கோடு இருந்தால் அது இடஞ்சுழி. இது தெரியாமல் பலம் கொண்ட மட்டும் திருகி மரையை அழித்துவிடுவதுண்டு. இந்த அமைப்பு சேற்றுக்கென்றே பிறந்தது போல வேலை செய்யும். கிரீஸ் ஏற்றும் நிப்பிளில் புது கிரீஸ் ஏற ஏற, சேறும் நீரும் கலந்த பழைய கிரீஸ் வெளியே தள்ளப்படும். மூட்டு தன்னைத்தானே கழுவிக்கொள்கிறது. ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. ஏறத்தாழ ஆயிரம் மைலுக்கு ஒருமுறையும், ஓடையில் இறங்கி ஏறிய ஒவ்வொரு முறையும் கிரீஸ் கன் பிடித்தாக வேண்டும். எஸ்டேட்டில் அதற்கென ஆள் இருந்த காலத்தில் இது நடந்தது. மாதம் ஒருமுறை வண்டியை வெளியே எடுப்பவரிடம் அதை எதிர்பார்க்க முடியாது. கிரீஸ் இல்லாத மரை புஷ், பின்னை அரைத்துத் தள்ளிவிடும்.

மூலப் புஷ் கிடைக்காதபோது லேத்தில் கன்மெட்டல் புஷ் கடைந்து போடும் கைத்திறன் நம் பட்டறைகளின் சொத்து. தேய்ந்து அகன்ற துளைக்கு ஏற்ற அளவில் கடைய முடிவது தொழிற்சாலைப் பொருளால் ஆகாத காரியம். என்றாலும் கன்மெட்டல் என்ற பெயரில் வருவது எந்த உலோகக் கலவை என்று கடைகிறவருக்கே தெரியாத நிலை உண்டு. பித்தளைத் துண்டு பார்வைக்கு அதே போலிருக்கும், சீக்கிரம் தேயும். கிரீஸ் ஓடும் பள்ளம் வெட்டாமல் விடுவது, புஷ்ஷின் துளை நிப்பிளுக்கு நேராக அமையாமல் போவது, அழுத்தி இறக்கியதும் உள்விட்டம் சுருங்குவதால் ரீமர் போட வேண்டும் என்பதை மறப்பது ஆகியவை நல்ல கடைசலையும் வீணாக்குகின்றன.

இரண்டாவது வழி ரப்பர். பிந்திய மகிந்திரா வண்டிகளில் பழகிய சைலன்ட் பிளாக் வகையில், இரண்டு எஃகு உறைகளுக்கு நடுவே ரப்பர் ஒட்டிப்பிடித்திருக்கும். பட்டை அசையும்போது எதுவும் உரசாது. ரப்பரே முறுகி மீளும். கிரீஸ் வேண்டாம், சத்தம் இல்லை. ஒரு சக்கரம் பாறையில் ஏறி மறுசக்கரம் பள்ளத்தில் தொங்கும்போது பட்டை தன் நீளவாக்கில் முறுகுகிறதே, அந்த முறுக்கையும் ரப்பர் வாங்கிக்கொள்ளும். சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலை ஏறும் பாதையைப் போன்ற இடத்தில் இது பெரிய வரம்.

ரப்பரின் எதிரிகள் எண்ணெய், வெயில், முதுமை. பழைய எஞ்சினிலிருந்தும் கியர்பாக்ஸிலிருந்தும் சொட்டும் எண்ணெய் பட்டால் இயற்கை ரப்பர் ஊதிப்போகும். அதற்குக் கிரீஸ் அடிப்பதும் அதே கேடு. பல ஆண்டுகளுக்கு முன் செய்து பெட்டியைப் பிரிக்காமலே வைத்திருந்த அசல் உதிரிப்பாகத்தைப் புதையல் போல வாங்குகிறார்கள். எஃகு புஷ்ஷுக்கு அது சரி. ரப்பரோ பெட்டிக்குள்ளும் வயதாகி வெடிக்கும். பொருத்துவதிலும் ஒரு பிழை பரவலாக நடக்கிறது. வண்டி ஜாக்கியில் தொங்கும்போதே போல்ட்டுகளை முழுக்க இறுக்கிவிடுகிறார்கள். சக்கரம் தரையில் ஊன்றியதும் ரப்பர் நிரந்தரமாக முறுகிய நிலையில் நிற்கிறது. சில மாதங்களில் கிழிகிறது. வண்டியை இறக்கி, அதன் எடை பட்டையில் அமர்ந்த பிறகுதான் கடைசி இறுக்கம் கொடுக்க வேண்டும்.

மூன்றாவது வழி, இப்போது மோகமாகியிருக்கும் பாலியூரித்தேன். இதற்கு நியாயமான பெருமைகள் உண்டு. எண்ணெயும் வெயிலும் அதை எளிதில் தொடாது. இரண்டு பாதிகளாக வருவதால் பிரஸ் இல்லாத மலைக் கிராமத்திலும் கையால் பொருத்தலாம். தார்ச்சாலையில் ஸ்டியரிங் பிடி கூர்மையாகும். ஆனால் அது ரப்பரைவிடக் கடினம். உள்ளே முறுகாமல் உறையைச் சுற்றி வழுக்கித் திரும்புகிறது. பொருத்தும்போது பூசிய சிலிக்கோன் கிரீஸ் காய்ந்தால் கிறீச்சிடும். அதைவிட முக்கியம், மேலே சொன்ன நீளவாக்கு முறுக்கை அது எதிர்க்கிறது. எதிர்க்கப்பட்ட விசை மறைந்துவிடாது. முதன்மை இலைக்கும், சேஸில் ரிவெட் அடித்த பிராக்கெட்டுக்கும் போய்ச் சேரும். அரை நூற்றாண்டு துரு தின்ற சேஸ் அதைத் தாங்க வேண்டியிருக்கிறது.

என் தீர்ப்பு இதிலிருந்தே பிறக்கிறது. மூட்டு ஒன்றில் தேய்மானம் நடந்தே தீரும். அது எங்கே நடக்க வேண்டும் என்பதை மட்டும் நாம் முடிவுசெய்யலாம். புஷ் என்பது தேய்வதற்கென்றே வைத்த உறுப்பு. கழற்றிப் போடக்கூடிய மலிவான பொருள் தேய்ந்து, கிடைக்காத சேஸும் பட்டையும் பிழைக்க வேண்டும். தேயாத புஷ் என்று விளம்பரப்படுத்துவது, அந்தத் தேய்மானத்தை மாற்ற முடியாத உறுப்பின் தலையில் கட்டுவதாகவே முடியும்.

சட்டமும் வண்டியின் பயனைப் பொறுத்து நம்மைப் பிரிக்கிறது. 2021இல் வந்த மத்திய விதிகளின்படி, முதல் பதிவுக்குப் பின் 50 ஆண்டு கடந்து, சேஸிலும் பாடியிலும் எஞ்சினிலும் பெரிய மாற்றமில்லாத வண்டியே பழம்பெரும் வாகனமாகப் பதிவாகும். அதை அன்றாட ஓட்டத்துக்கோ தொழிலுக்கோ பயன்படுத்தக் கூடாது. ஆகவே காட்சிக்கு நிற்கும் ஜீப்பும் சவாரி ஓடும் ஜீப்பும் சட்டப்படியே வேறு. கேரள வழக்கொன்றில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று தீர்ப்பளித்தது. அதே வகைப் புஷ்ஷை மாற்றுவது பராமரிப்பு. நீண்ட ஷேக்கிள் போட்டு வண்டியை உயர்த்துவது அப்படியல்ல. புஷ் வேலையின் சாக்கில் பல பட்டறைகளில் இந்த இரண்டாவதும் நடந்துவிடுகிறது.

மீட்டெடுத்த வண்டியை அதன் வரலாற்றுக்காக வைத்திருப்பவர் மரை புஷ்ஷையே போடட்டும். கிரீஸ் அடிக்கும் பொறுப்பையும் ஏற்கட்டும். எஸ்டேட் பாதையில் தினமும் ஓட வேண்டிய வண்டிக்கு ரப்பரே பொருத்தம். எண்ணெய் ஒழுக்கை முதலில் நிறுத்த வேண்டும். பாலியூரித்தேன், பெரும்பாலும் தார்ச்சாலையில் ஓடி, சேஸ் உறுதியாக இருக்கும் வண்டிக்கு மட்டும். இந்தியாவின் இயற்கை ரப்பரில் பெரும்பகுதி விளைவது கேரளத்தில். தொடுபுழை பக்கம் இறங்கினால் ரப்பர் மரங்கள்தான். 1955இல் நிறுவிய ரப்பர் ஆராய்ச்சி நிலையம் கோட்டயத்தில் இருக்கிறது. இவ்வளவு அருகில் அறிவும் மூலப்பொருளும் இருக்க, பெயரில்லாத பெட்டியில் வரும் கடினத்தன்மை தெரியாத புஷ்ஷை நம்பி ஆள் ஏற்றுவது எனக்கு வருத்தம் தருகிறது. கடினத்தன்மை அச்சிட்ட, சோதித்த புஷ்ஷை இங்கேயே வார்க்க முடியும்.

அதுவரை வண்டிக்காரர் பட்டறையில் மூன்று கேள்விகள் கேட்கட்டும்: பின்னும் துளையும் அளந்தாயிற்றா? பழையதைத் தீ வைக்காமல் எடுத்தீர்களா? கடைசி இறுக்கம் சக்கரம் தரையில் ஊன்றிய பிறகா? மூன்றுக்கும் ஆம் என்று பதில் சொல்லும் பட்டறையில் போட்ட சாதாரண ரப்பர் புஷ், இந்தக் கேள்விகளுக்கு முகம் திருப்பும் இடத்தில் போட்ட விலை உயர்ந்த புஷ்ஷைவிட நிச்சயம் நீடிக்கும்.