நெஞ்சுக்குள் ஓர் எல்லைத் தகராறு

ராஜபாளையத்துப் பெரியப்பாவுக்கு வலது நுரையீரலில் புற்று. சிடி படத்தில் வீங்கித் தெரிந்த ஒரு நிணநீர்க் கணுவை முதல் அறிக்கை ‘10ஆர்’ என்றது. ஸ்ரீவில்லிபுத்தூருக்கு என்னிடம் வந்த அதே படத்தை வேறொரு டாக்டரிடம் காட்டினேன். அவர் ‘4ஆர்’ என்றார். நம்பர்தானேன்னு விட முடியாது. 10ஆரில் புற்று இருந்தால் அது என்1, பெரும்பாலும் நேரே அறுவை. 4ஆர் என்றால் என்2, மருந்து முதலிலா கத்தி முதலிலா என்று பல டாக்டர்கள் உட்கார்ந்து பேச வேண்டிய கட்டம். (சத்திரப்பட்டித் தறியில் பேண்டேஜ் துணி நெய்கிற வட்டாரம் எங்களுடையது. ஆபரேஷன் தியேட்டரோடு அதுவரை இருந்த உறவு அவ்வளவுதான்.)

அப்புறம்தான் கணு வரைபடங்களைத் தேடிப் படித்தேன். ஜப்பானின் நாருகே 1978இல் வெளியிட்டது ஒன்று. அமெரிக்காவின் மவுன்டனும் டிரஸ்லரும் 1997இல் கொடுத்தது இன்னொன்று. இரண்டும் எல்லா இடத்திலும் ஒத்துப்போகவில்லை. ஒரே எண்ணுக்கு இரண்டு அர்த்தம்! எங்கள் வேலையில் இப்படி இருந்தால் ரிலீஸையே நிறுத்திவிடுவோம். 1997 வரைபடத்தில் என்1, என்2 பிரிகிற கோடு நுரையீரல் உறை மடங்கும் இடம். அது சிடியில் தெரியவே தெரியாது.

2009இல் ஐஏஎஸ்எல்சி என்கிற சர்வதேச நுரையீரல் புற்று ஆய்வுச் சங்கம் இரண்டையும் இணக்கி ஒரே வரைபடமாக்கியது. வலது பக்கம் உறைக்குப் பதிலாக அசைகோஸ் சிரையின் கீழ் விளிம்பு: மேலே 4ஆர், கீழே 10ஆர். இடம் வலம் பிரிக்கும் கோட்டையும் மூச்சுக்குழாயின் நடுவிலிருந்து அதன் இடது விளிம்புக்குத் தள்ளினார்கள். குழாய்க்கு முன்னால் சற்றே இடப்புறம் கிடக்கும் கணு, வலது நுரையீரல் நோயாளிக்கு முன்பு என்3. வழக்கமாக அறுவையே கிடையாது. இப்போது என்2. கணு இருந்த இடத்திலேயே இருக்க, நோயின் கட்டம் மாறிவிட்டது. அங்கே நிணநீர் வலப்பக்கமாகவே அதிகம் ஓடுவதால் இது நியாயமான மாற்றம்தான்.

என் குறை வேறு. இடது பக்கம் 4எல், 5 இரண்டையும் பிரிப்பது பெருந்தமனிக்கும் நுரையீரல் தமனிக்கும் நடுவே இருக்கும் ஒரு நார். நெஞ்சைத் திறந்தவர் அதைத் தொட்டே பார்க்கலாம்; சிடியிலோ, சுண்ணாம்பு படிந்திருந்தால் ஒழிய, பெரும்பாலும் ஊகம். இன்னொன்று பாருங்க: படம் எடுக்கும்போது நோயாளி மல்லாந்து, மூச்சை இழுத்துப் பிடித்திருக்கிறார். ஆபரேஷன் மேஜையில் ஒருக்களித்துக் கிடக்கிறார், ஒரு நுரையீரல் சுருங்கியிருக்கிறது. சிரையும் தமனியும் படத்தில் இருந்த அதே இடத்திலா இருக்கும்? எண்ணோடு, எந்த அடையாளத்துக்கு மேலே அல்லது கீழே என்பதையும் ஒரு வரி எழுதினால் என்ன? எடுத்த கணுக்களை எல்லாம் ஒரே டப்பாவில் போட்டு அனுப்பினால், நுண்ணோக்கியில் பார்ப்பவருக்கு எந்த வரைபடமும் உதவாது.

பெரியப்பாவுக்கு நெஞ்செலும்புக்கு மேலே சிறிதாகக் கீறி, குழாய் விட்டு உள்ளே பார்த்தார்கள். அறிக்கையில் ‘4ஆர், அசைகோஸ் விளிம்புக்கு மேலே’ என்று தெளிவாக இருந்தது. அந்தக் கணுவில் புற்றும் இருந்தது. முதலில் கீமோ என்று முடிவானது.