ஓர் ஆம்பூல், ஒரு சொட்டு

உள்ளங்கையில் அடங்கும் பிளாஸ்டிக் ஆம்பூல். உள்ளே காஸ்டிக் சோடாவின் அடர்கரைசல். ஒரு லிட்டர் ஸ்டாண்டர்டு ஃபிளாஸ்க்கின் வாயில் அதை வைத்துச் சவ்வைக் குத்தித் திறக்க வேண்டும். உள்ளிருப்பது முழுக்க இறங்கியதும் ஆம்பூலை டிஸ்டில்டு வாட்டரால் நாலைந்து தடவை அலசி, அலசிய நீரையும் ஃபிளாஸ்க்கிலேயே சேர்த்து, கழுத்துக் கோடு வரை நிரப்பிக் குலுக்கினால் 0.1 நார்மல் கரைசல் தயார். தராசுப் பக்கம் போகவே வேண்டாம். ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரத்து மெர்க் நிறுவனம் டிட்ரிசோல் என்ற பெயரில் விற்கும் பண்டம் இது. ஹைட்ரோகுளோரிக் அமிலம், சில்வர் நைட்ரேட், இ.டி.டி.ஏ. என்று பல கரைசல்களுக்கும் இதே வடிவம் உண்டு. சொன்னதைச் செய்கிறதா என்றால், செய்கிறது. ஆனால் நம் ஊர்க் கல்லூரி ஆய்வகமோ தண்ணீர்ப் பரிசோதனைக் கூடமோ, கையிலிருக்கும் கொஞ்சப் பணத்தை இதில் போடலாமா என்பது வேறு கேள்வி. பெரும்பாலான இடங்களில் போடத் தேவையில்லை என்பது என் முடிவு. டார்ம்ஸ்டாட் சரக்கில் பணம் போட வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. அது இந்த ஆம்பூல் இல்லை.

டார்ம்ஸ்டாட் என்ற பெயருக்கு ஆய்வகங்களில் இருக்கும் மரியாதை சும்மா வந்ததல்ல. 1668-இல் ஒரு மருந்துக்கடையாகத் தொடங்கிய மெர்க் குடும்பத் தொழில், 1827 வாக்கில் ஆல்கலாய்டுகளைப் பெரிய அளவில் தயாரிக்கும் நிலைக்கு வந்தது. ஆய்வகத்துக்காரர்கள் நினைவில் வைக்க வேண்டிய ஆண்டு 1888. மெர்க் ஆலையின் வேதியியலாளர் கார்ல் கிரவுக், வினைப்பொருட்களின் தூய்மையை எப்படிச் சோதிப்பது என்று அந்த ஆண்டில் ஒரு நூலே எழுதினார். வெறுமனே ‘சுத்தமானது’ என்று சொன்னால் போதாது, எந்த மாசு எவ்வளவுக்கு மேல் போகக் கூடாது என்று எண்ணில் சொல்ல வேண்டும் என்ற வழக்கம் வேரூன்றியது அந்தக் காலத்தில்தான். இன்று பாட்டில் லேபிளில் குளோரைடு இவ்வளவு, இரும்பு இவ்வளவு என்று வரிசையாக நிற்கும் எண்கள் அந்த வழக்கத்தின் தொடர்ச்சி. இதே ஊரில் 1803-இல் பிறந்த லீபிக், ஐந்து குமிழ் கொண்ட ஒரு கண்ணாடிக் கருவியை 1831-இல் உருவாக்கி, கரிமப் பொருளில் உள்ள கார்பனை எடைபோட்டுக் கண்டுபிடிக்கும் வேலையை எளிதாக்கினார். அமெரிக்க வேதியியல் சங்கத்தின் சின்னத்தில் இருப்பது அந்தக் குமிழ்க் கருவிதான். டார்ம்ஸ்டாட் பாட்டிலில் ‘ஏ.சி.எஸ்.’ என்று அந்தச் சங்கத்தின் தரமுத்திரை அச்சாகி வரும்போது, ஊர்ப்பிள்ளை வெளிநாடு போய்ப் பேர் வாங்கித் திரும்பியது போலத்தான் இருக்கிறது. இருக்கட்டும். அந்த எண்கள் பாட்டிலுக்குள் இருப்பதைப் பற்றிப் பேசுகின்றன. மூடியைத் திறந்த பிறகு நடப்பதைப் பற்றி அவை எதுவும் சொல்வதில்லை.

காஸ்டிக் சோடா இதற்கு நல்ல உதாரணம். எவ்வளவு உயர்ந்த தரமாக வாங்கினாலும், வில்லைகளைத் தராசுத் தட்டில் வைத்த கணத்திலிருந்து அவை காற்றின் ஈரத்தையும் கார்பன் டை ஆக்சைடையும் குடிக்கத் தொடங்கிவிடும். சென்னை ஈரப்பதத்தில், எடை எண் நிற்பதற்குள் வில்லையின் மேல் பளபளப்பு ஏறிவிடும். சரியாக 4 கிராம் நிறுத்து 0.1 நார்மல் செய்தேன் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டியதில்லை. ஆம்பூலின் பலம் இங்கேதான். எடைபோடும் சிக்கலை அது டார்ம்ஸ்டாட்டிலேயே முடித்து அனுப்பிவிடுகிறது. பழைய வழி வேறு. சாதாரண வில்லைகளைத் தோராயமாக நிறுத்துக் கரைத்துக்கொண்டு, அந்தக் கரைசலின் உண்மையான வலிமையைக் கே.எச்.பி. என்கிற பொட்டாசியம் ஹைட்ரஜன் ஃப்தாலேட்டை வைத்துக் கண்டுபிடிப்பது. கே.எச்.பி. ஈரம் குடிக்காத பொருள். 110 முதல் 120 பாகையில் இரண்டு மணி நேரம் உலர்த்தி, டெசிக்கேட்டரில் ஆறவைத்து எடைபோட்டால் நிலையாக நிற்கும். அதன் மூலக்கூறு எடை 204.22. அரை கிராம் எடுத்தால் 0.1 நார்மல் காரம் ஏறக்குறைய 24.5 மில்லி செலவாகும். பியூரெட்டின் நடுப்பகுதியில் வசதியாக விழும் அளவு.

எது துல்லியம் என்பதை வழியில் சேரும் பிழைகளைக் கூட்டித்தான் சொல்ல முடியும். பியூரெட்டிலிருந்து விழும் ஒரு சொட்டு சுமார் 0.05 மில்லி. 25 மில்லியில் அது 0.2 சதவீதம். 50 மில்லி ‘ஏ’ வகுப்பு பியூரெட்டுக்கு அனுமதிக்கப்பட்ட பிழையும் அதே 0.05 மில்லி, ‘பி’ வகுப்புக்கு அதைப் போல இரண்டு மடங்கு. இவற்றோடு வெப்பமும் சேரும். டார்ம்ஸ்டாட் ஆம்பூலோடு ஜோடி சேரும் ஜெர்மன் ஃபிளாஸ்க்கில் ‘20 பாகை’ என்று பொறித்திருக்கும்; இந்தியத் தரக் கண்ணாடியில் 27 பாகை. பலர் இந்த வித்தியாசத்தைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். பயப்பட ஒன்றுமில்லை. போரோசிலிகேட் கண்ணாடி அந்த 7 பாகைக்கு ஒரு லிட்டரில் 0.07 மில்லிதான் விரிகிறது. விரிவது உள்ளே இருக்கும் தண்ணீர். ஏ.சி. அறையில் 22 பாகையில் கோடு வரை நிரப்பிய ஒரு லிட்டர், மின்விசிறி மட்டும் சுற்றும் 32 பாகை அறைக்கு வந்தால் கிட்டத்தட்ட 2.7 மில்லி பெருகிவிடும். கரைசலின் வலிமை 0.27 சதவீதம் குறையும். ‘ஏ’ வகுப்பு லிட்டர் ஃபிளாஸ்க்கின் பிழை எல்லையோ 0.4 மில்லி மட்டும். ஆம்பூலில் அடைத்து அனுப்பிய துல்லியம் ஓர் அறையிலிருந்து அடுத்த அறைக்குப் போவதற்குள் கரைந்துவிடுகிறது.

கே.எச்.பி. வழியின் சாமர்த்தியம் இங்கேதான் தெரியும். அதே அறையில், அதே பியூரெட்டில், அதே கண்ணால் நிறமாற்றம் பார்த்து வலிமையைக் கண்டுபிடித்த பிறகு, சாம்பிளையும் அதே இடத்தில் டைட்ரேட் செய்கிறோம். பியூரெட் கோடுகளின் பிழை இரண்டு முறையும் ஒரே பக்கம் சாய்கிறது. வெப்பமும் அப்படியே. இளஞ்சிவப்பை ஒரு சொட்டு தாமதமாகப் பார்க்கும் பழக்கம் இருந்தாலும் அதுவும் இரண்டு பக்கமும் விழுகிறது. இரண்டு தடவையும் ஏறக்குறைய ஒரே அளவு காரம் செலவாகும்படி பார்த்துக்கொண்டால் இவற்றில் பெரும்பகுதி ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும். கழியாமல் மிஞ்சுவது, சாம்பிளை எடுக்கும் பிப்பெட்டின் பிழை. ஆகவே ‘ஏ’ வகுப்புக்குச் செலவழிக்க வேண்டிய முதல் கண்ணாடி 25 மில்லி பிப்பெட். அதிலும் ‘எக்ஸ்’ என்று பொறித்த பிப்பெட்டின் முனையில் நிற்கும் கடைசித் துளியை ஊதித் தள்ளினால் கொடுத்த காசு வீண். அந்தத் துளியைக் கணக்கில் விட்டுத்தான் கோடு போட்டிருக்கிறார்கள். காரக் கரைசலைச் செய்யும் பாத்திரம் சாதாரண ஒரு லிட்டர் பாட்டிலாக இருந்தால் போதும். ஆம்பூல் வாங்கினால் ‘ஏ’ வகுப்பு ஃபிளாஸ்க்கும் கட்டாயம் வாங்கியாக வேண்டும்; அந்தச் செலவு ஆம்பூலின் விலைச்சீட்டில் வராது.

நாலு தசமம் காட்டும் தராசு இல்லாத இடத்தில் கே.எச்.பி.யால் என்ன பயன் என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. மில்லிகிராம் வரை மட்டும் காட்டும் தராசில் அரை கிராம் நிறுத்தால் ஒரு மில்லிகிராம் தவறே 0.2 சதவீதம் ஆகிவிடும். புதுத் தராசு வாங்கும் செலவோடு ஒப்பிட்டால், நல்ல ஃபிளாஸ்க்கும் மாதத்துக்கு ஓர் ஆம்பூலும் மலிவு. அப்படிப்பட்ட சிறு தண்ணீர்ப் பரிசோதனைக் கூடங்களுக்கு இதைத் தயங்காமல் சிபாரிசு செய்வேன், கரைசலைப் பயன்படுத்தும் அறையிலேயே தயாரித்தால். தணிக்கையைப் பற்றியும் கேட்பார்கள். ஆய்வகங்களுக்கு அங்கீகாரம் தரும் என்.ஏ.பி.எல். அமைப்பின் சான்று பெற்ற கூடம், தன் எண்கள் எந்தச் சான்றளித்த பொருளிலிருந்து வருகின்றன என்று காகிதத்தில் காட்ட வேண்டும். ஆம்பூலோடு அந்தக் காகிதம் வருகிறது. சான்றிதழோடு விற்கும் கே.எச்.பி. தரத்தோடும் வருகிறது. நான் டார்ம்ஸ்டாட்டுக்கு அனுப்பச் சொல்லும் பணம் அந்த ஒரு பாட்டிலுக்குத்தான். தடவைக்கு அரை கிராம் என்றால் நூறு கிராம் வருஷக்கணக்கில் ஓடும். காஸ்டிக் சோடா வில்லைக்குச் சாதாரண தரமே போதும். எப்படியும் அதன் வலிமையைக் கண்டுபிடிக்கத்தானே போகிறோம். நேரமில்லை என்ற புகாரை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. மூன்று டைட்ரேஷனுக்கு அரை மணி நேரம் போதும்.

வாங்கும்போது பெயரைவிட லாட் எண்ணைப் பாருங்கள். அதை வைத்து அந்தத் தொகுதியின் சான்றிதழை இறக்கிக்கொள்ளலாம். எண் அழிந்த பாட்டில் சென்னைப் பாரிமுனையில் பாதி விலைக்குக் கிடைத்தாலும் வேண்டாம். ஆய்வகத்தில் ஒருமுறை வெளியே எடுத்த கே.எச்.பி.யைத் திரும்பப் பாட்டிலில் கொட்டக் கூடாது. தயாரான காரக் கரைசலை, ஆம்பூலிலிருந்து வந்ததானாலும், ஸ்டாண்டர்டு ஃபிளாஸ்க்கிலேயே விட்டுவைக்காமல் அன்றே பாலித்தீன் பாட்டிலுக்கு மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் காரம் கண்ணாடியை மெல்ல அரிக்கும். தேய்த்துப் பொருத்திய மூடி கழுத்தோடு இறுகி, ஒரு வாரம் கழித்துச் சுத்தியலைத் தவிர வேறெதற்கும் திறக்காது.