மண்தேரும் விரற்சுழலியும்

விளையாட்டுப் பொருளின் மதிப்பு அதன் விலையில் இல்லை என்பதை எல்லோரும் ஒப்புக்கொள்வர். ஆயின், அடுத்த வீட்டுப் பிள்ளையின் கையில் ஒரு புதுப்பொருளைக் கண்டு அழுது நிற்கும் குழந்தையிடம் இவ்வுண்மை செல்லுபடியாவதில்லை. அவ்வழுகையின் முன் பெற்றோர் என் செய்வது, ஆசிரியர் என் செய்வது என்னும் வினா இன்று நேற்று எழுந்ததன்று. சூத்திரகர் இயற்றிய 'மிருச்சகடிகம்' என்னும் வடமொழி நாடகம் அப்பெயர் பெற்றதே இப்படியோர் அழுகையால்தான். பண்டிதமணி மு. கதிரேசஞ் செட்டியார் அதனை 'மண்ணியல் சிறுதேர்' என்னும் பெயரால் தமிழாக்கினார். அந்நாடகக் காட்சியை அண்மைக்கால நிகழ்ச்சி ஒன்றோடு ஒப்பிட்டு நோக்குவது தமிழாசிரியர்க்குப் பயன் தரும்.

2017ஆம் ஆண்டின் நடுவில் 'பிட்ஜெட் ஸ்பின்னர்' எனப்பட்ட விரற்சுழலி உலகெங்கும் பரவியது. மலேசியாவின் பேரங்காடிகளிலும் இரவுச் சந்தைகளிலும் அது குவிந்தது. நகரப் பள்ளியென்றும் தோட்டப் பள்ளியென்றும் பாராமல் மாணவர் பைகளுக்குள் புகுந்தது. அதன் அமைப்பு மிக எளியது. நடுவில் ஓர் உருளைக் குண்டுப் பேரிங். அதனைச் சுற்றி எடையேற்றிய மூன்று இதழ்கள். பேரிங் உராய்வைக் குறைக்கிறது. விளிம்பிலுள்ள எடை சுழற்சியை நீட்டிக்கிறது. பம்பரம் சுழல்வதும் இதே விதியால்தான். 1997இல் சுழலும் பொம்மை ஒன்றுக்குக் காப்புரிமை கோரிய கேத்தரின் எட்டிங்கர் என்னும் அமெரிக்கப் பெண்மணியே இதனைக் கண்டுபிடித்தவர் என்று முதலில் செய்தி பரவியது. அவர் செய்தது வேறொரு பொருள் என்பது பின்னர்த் தெளிவாயிற்று. புதுமை என்று விலை பேசப்பட்ட ஒன்றுக்கு இன்னார்தாம் தந்தை என்று உறுதியாகச் சொல்லவும் இயலவில்லை!

விலைக்கு வருவோம். அக்காலத்தில் தீபகற்ப மலேசியாவில் குறைந்த அளவு மாதச் சம்பளம் 1,000 வெள்ளி. வாரம் ஆறு நாள் உழைப்பவர்க்கு நாளொன்றுக்கு 38 வெள்ளி 46 காசு. மணிக்கு 4 வெள்ளி 81 காசு. பத்து வெள்ளிக்கு ஒரு சுழலி வாங்கினால், செம்பனைக் குலையைச் சுமந்த தந்தையின் இரண்டு மணி நேர வியர்வை அதில் அடங்கிவிடும். முப்பது வெள்ளிக்கு வாங்கினால் ஆறு மணி நேரத்துக்கு மேல். பொருளின் அடக்கவிலை அதில் மிகச் சிறு பங்கே. எஞ்சியது, பிறர் வாங்குமுன் வாங்கிவிட வேண்டும் என்னும் பரபரப்புக்குக் கொடுத்த கூலி. அந்தப் பரபரப்பு சில மாதங்களில் அடங்கியது, விலையும் விழுந்தது. முதலில் வாங்கியவர் மிகுதியாகக் கொடுத்தார் என்பதே மிச்சம்.

கவனத்தை ஒருமுகப்படுத்தும், பதற்றத்தைத் தணிக்கும் என்றும் வணிகர் விளம்பரம் செய்தனர். அதே 2017இல் வெளிவந்த குழந்தை மருத்துவ மீளாய்வு ஒன்று, அக்கூற்றுகளுக்கு அறிவியற் சான்று இல்லை என்று எடுத்துக்காட்டியது. பெற்றோரின் ஆசையைவிட அவர்தம் அச்சமே நல்ல விலை போகும் என்பதை விளம்பரக்காரர் அறிவர். 'பிள்ளையின் படிப்புக்கு' என்று சொன்னால் தோட்டத்துத் தாய் தன் மருந்துக்கு வைத்த காசையும் எடுத்துக் கொடுப்பாள்.

இனி நாடகத்தைக் காண்போம். ஆறாம் அங்கத்தில், வறுமையுற்ற வணிகன் சாருதத்தனின் சிறு மகன் உரோகசேனன் அழுதுகொண்டிருக்கிறான். அடுத்த வீட்டுச் சிறுவனின் பொன் தேரை வைத்து விளையாடினான். அது திரும்பப் பெறப்பட்டது. பணிப்பெண் இரதனிகை மண்ணால் ஒரு தேர் செய்து கொடுக்கிறாள். பிள்ளை அதனை ஏற்கவில்லை. தந்தை மீண்டும் செல்வம் பெறும்போது பொன் தேர் வரும் என்று அவள் ஆறுதல் கூறுகிறாள். அங்கே வசந்தசேனை வருகிறாள். அவளும் உனக்குத் தாயே என்று இரதனிகை சொல்ல, தாயென்றால் ஏன் நகை பூண்டிருக்கிறாள் என்று பிள்ளை கேட்கிறான். வசந்தசேனை கண்ணீரோடு தன் அணிகளைக் கழற்றி மண்தேரில் இட்டு நிரப்பி, பொன் தேர் செய்துகொள்ளச் சொல்கிறாள்.

இக்காட்சியை வசந்தசேனையின் தாயன்புக்குச் சான்றாகப் போற்றுவதே வழக்கம். அது பொருத்தமே. எனினும் அத்துடன் நிறுத்துவது நாடகத்தைப் பாதி படித்ததாகும். ஒன்பதாம் அங்கத்தில், திருப்பிக் கொடுக்கச் சொல்லிச் சாருதத்தன் அனுப்பிய அதே அணிகள், வழக்குமன்றத்தில் மைத்திரேயனிடமிருந்து கீழே விழுகின்றன. நகைக்காகச் சாருதத்தன் வசந்தசேனையைக் கொன்றான் என்னும் பொய் வழக்குக்கு அவையே சான்றாகின்றன. மகனின் பொம்மைக்கென வந்த பொன் தந்தையைக் கொலைக்களம் வரை கொண்டுபோய் விடுகிறது. வசந்தசேனை உயிரோடு வந்து நின்றதால்தான் அவன் பிழைக்கிறான். சூத்திரகர் இதனை அறிவுரையாக எங்கும் உரைக்கவில்லை; கதையின் போக்கில் விட்டுவிட்டார்.

இன்னொன்றும் நோக்கத்தக்கது. நகையில்லாமையைத் தாயின் அடையாளமாகக் கொண்ட அப்பிள்ளைக்குப் பொன்னின் மதிப்பு என்ன தெரியும்? அவன் விரும்பியது பொன்னை அன்று; அடுத்த வீட்டுச் சிறுவனுக்கு நிகராக நிற்பதை. விரற்சுழலியைக் கேட்ட தோட்டத்துப் பிள்ளையும் அதைத்தான் கேட்டான். ஆகவே 'வீண் ஆசை' என்று அவனை இகழ்வது தவறு. அவன் நோவு உண்மையான நோவு. அதற்கு மருந்து விலையில் இல்லை என்பதே சொல்லத்தக்கது.

சங்க இலக்கியம் இங்கே துணை நிற்கிறது. உருட்டி விளையாடும் சிறுதேரைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் தம் இரு பாட்டுகளிலும் காட்டுகிறார். பட்டினப்பாலையில் வருவது செல்வர் வீட்டுத் தேர். கோழியை ஓட்ட மகளிர் எறிந்த பொற்குழை அதன் வழியை மறிக்கிறது. பெரும்பாணாற்றுப்படையில் வருவதோ தச்சர் வீட்டுப் பிள்ளைகளும் விரும்பும்படி செய்த தேர். செய்யும் கலை அறிந்த வீட்டுப் பிள்ளையும் விழைந்தான் என்றால், அத்தேரின் சிறப்பு வேலைப்பாட்டில் இருந்தது என்பது பெறப்படும். குறுந்தொகை 61ஆம் பாட்டில் தும்பிசேர்கீரனார், தேரில் ஏறிச் செல்லாவிடினும் அதனைக் கையால் இழுத்து மகிழும் சிறுவரை உவமையாக்குகிறார். இன்பம் பொருளில் இல்லை, கையில் இருக்கிறது என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுவதில்லை.

நெகிரி செம்பிலானின் பழைய ரப்பர்த் தோட்டங்களிலும் இக்கை இருந்தது. ரப்பர்க் கொட்டையைத் துளைத்துக் குச்சியும் நூலும் கோத்துச் சுழற்றினர். சோடா மூடியைத் தட்டித் தட்டையாக்கி, இரு துளையிட்டுக் கயிறு பூட்டி இழுத்து ரீங்கரிக்கச் செய்தனர். அஞ்சாங்கல் ஆட்டத்தை மலாய்க்காரர் 'பத்து சிரம்பான்' என்று இம்மாநிலத் தலைநகரின் பெயராலேயே வழங்குகின்றனர். ரப்பர் போய்ச் செம்பனை வந்தபின், லயங்களிலிருந்து பல குடும்பங்கள் நகரத்துக்குப் பெயர்ந்தன. கொட்டை பொறுக்கும் கையும் மறைந்தது. பழைய வறுமையைப் போற்ற வேண்டியதில்லை. அதில் இருந்த செய்திறனை மட்டும் காப்பாற்றியிருக்கலாம்.

பள்ளிகள் பொதுவாகச் செய்தது பறிமுதல். வகுப்பின் அமைதிக்கு அது வேண்டியதே. ஆயினும் பறித்த பொருள் மேசை அறையில் கிடக்கும்வரை அதன் மதிப்பு மாணவன் மனத்தில் ஏறுமேயன்றி இறங்காது. அதனையே எடுத்துப் பிரித்துக் காட்டி, பேரிங் எவ்வாறு உராய்வைக் குறைக்கிறது என்று அறிவியல் பாடத்தில் விளக்கலாம். அதன் விலையை அப்பாவின் மணிக்கூலியால் வகுப்பது கணிதப் பாடம். உரோகசேனன் கதை தமிழ்ப் பாடம். சோடா மூடியைச் சுழலச் செய்தவனிடம் மற்ற மாணவர் கூடி நின்று 'எப்படிச் செய்தாய்?' என்று கேட்கும் நேரத்தில், அவன் நாடிய நிகர்நிலை அவனுக்குக் கிடைத்துவிடும். காசு கொடுத்துப் பெற்ற நிலை அடுத்த புதுமை வந்ததும் போய்விடும், இது போகாது.

அடுத்த புதுமை வந்தும்விட்டது. காசிங் லூங் 2015இல் படைத்த 'லபுபு' என்னும் பொம்மையை, உள்ளே எது இருக்கிறதென்று தெரியாத பெட்டியில் வைத்து விற்கின்றனர். 2025 ஜூனில் பெய்ஜிங் ஏலத்தில் ஆளுயர லபுபு ஒன்று 10 லட்சத்து 80 ஆயிரம் யுவானுக்குப் போயிற்று. சுழலியாவது கண்ணால் கண்டு வாங்கியது. இப்பொழுது அறியாமையும் விலைக்கு வந்துவிட்டது. பொம்மையின் பெயர் மாறிக்கொண்டே இருக்கும். அழுகை ஒன்றுதான். நகையைக் கழற்றித் தருவது அன்பாகலாம். மண்ணைப் பிசைந்து தேர் செய்யக் கற்றுத் தருவதே ஆசிரியத் தொழில்.