கேடயத்தில் இல்லாத பெயர்கள்

நூதனசாலை என்பது பழம்பொருள்களைப் பேணும் இடம் என்றே பொதுவாகக் கருதப்படுகின்றது. ஆயின் எதனைப் பேணுவது, எதனை விடுவது என்ற தெரிவு அங்கு முதலிலேயே செய்யப்பட்டுவிடுகின்றது. அத்தெரிவு ஒரு மதிப்பீடாகும். எனவே இலக்கியப் படைப்பினைப் போன்று நூதனசாலையும் விமரிசனத்துக்குரியதே.

அம்ஸ்டர்டாம் நகரிலுள்ள றைக்ஸ் நூதனசாலையை முதலில் நோக்கலாம். 1885ஆம் ஆண்டு திறக்கப்பட்ட அதன் கட்டடத்தில், றெம்பிராண்ட் 1642இல் தீட்டிய ‘இரவுக் காவல்’ ஓவியம் நடுநாயகமாக விளங்குகின்றது. ஓவியத்திலுள்ள கேடயமொன்றில் 18 பெயர்கள் எழுதப்பட்டுள்ளன. தம்மை வரைவதற்குப் பணம் கொடுத்த நகரக் காவற்படையினரின் பெயர்கள் அவை. வலப்புற ஓரத்தில் முரசறைபவன் ஒருவன் நிற்கின்றான். அவன் கூலிக்கு அமர்த்தப்பட்டவன். அவனுக்கு ஓவியத்தில் உருவம் உண்டு, கேடயத்திற் பெயர் இல்லை.

1765இல் ஒல்லாந்தர் கண்டியிலிருந்து கவர்ந்து சென்ற லெவ்கே திசாவையின் பீரங்கி, இதே நூதனசாலையிலிருந்து 2023இல் இலங்கைக்கு மீளளிக்கப்பட்டது. அரசனிடமிருந்து கவரப்பட்ட பொருளை மீளக் கேட்க இயலும். தோட்டத் தொழிலாளியின் தப்பையும் கொழுந்துக் கூடையையும் எவரும் அவ்வாறு கவர்ந்து செல்லவில்லை. ஏனெனில் அவை பேணத்தக்கவை என்று எவரும் கருதவில்லை. இப்புறக்கணிப்பு கவர்தலினும் சிறிய குற்றமெனக் கூறுதற்கில்லை.

ஊவா மாகாணத்தில் இதற்குச் சான்றுகள் உள. ஹப்புத்தளையிலுள்ள அடிஷாம் மாளிகை, தோட்டத் துறையிலிருந்து வர்த்தகத் துறைக்குச் சென்று உயர்ந்த சேர் தோமஸ் வில்லியர்ஸ் கட்டுவித்தது. 1931இல் நிறைவுற்ற அம்மாளிகை இன்று பெனடிக்ற் சபைத் துறவிமடமாக உள்ளது. வரவேற்பறையும் நூலகமும் பழைய தளபாடங்களுடன் பார்வையாளருக்குக் காட்டப்படுகின்றன. துறவியர் அவற்றைப் பேணிவரும் நேர்த்தி பாராட்டுக்குரியது. எனினும் துரை அமர்ந்த நாற்காலியைக் காணும் நாம், அவரது செல்வத்துக்கு அடிப்படையான உழைப்பின் தடயத்தை அங்குக் காண்பதில்லை. தோமஸ் லிப்டன் 1890இல் வாங்கிய தம்பேதன்ன தோட்டத்து மலையுச்சியிலோ, லிப்டனே சிலையாக அமர்ந்திருக்கின்றார். உல்லாசப் பயணிகள் அச்சிலையைப் படம்பிடிக்கின்றனர். வழியிற் கொழுந்தெடுக்கும் பெண்களையும் படம்பிடிக்கின்றனர். சிலைக்குப் பெயர் உண்டு. பெண்களின் பெயரைக் கேட்பார் அரியர். முரசறைபவனின் நிலையே இவர்களுக்கும் வாய்த்துள்ளது.

மலையகத்தில் இதற்கு மறுப்பு எழாமலில்லை. கம்பளைக்கு அண்மையிலுள்ள ஓல்ட் பீகொக் தோட்டத்தில் சமூக அபிவிருத்தி நிறுவனம் 2007இல் அமைத்த தொழிலாளர் நூதனசாலை, லயக் காம்பராக்களிலேயே இயங்குகின்றது. உழைப்புக் கருவிகளும் வீட்டுப் பாவனைப் பொருள்களும் ஆவணங்களும் அங்குள்ளன. இயந்திரங்களையும் முன்னோடித் துரைமாரையும் முதன்மைப்படுத்தும் ஹந்தானைத் தேயிலை நூதனசாலையுடன் ஒப்புநோக்கின் இம்முயற்சியின் பெறுமதி புலப்படும்.

ஆயினும் அதனை ஊவாவில் அப்படியே பின்பற்றலாமா என்பது சிந்தனைக்குரியது. வாழ்ந்து முடிந்த இடமே நூதனசாலையாகும். பதுளை மாவட்டத்தில் மக்கள் இன்றும் லயங்களில் வாழ்கின்றனர். அடுப்பு எரிந்துகொண்டிருக்கும் காம்பராவைக் காட்சிப்பொருளாக்கினால், தீர்க்கப்படவேண்டிய வறுமை பார்த்து இரங்குவதற்குரிய பழமையாகிவிடும். முதலில் வீடும் காணியும், பின்னரே நூதனசாலை என்று கூறுவோரின் வாதத்தை எளிதில் ஒதுக்கிவிட முடியாது.

ஆனால் காத்திருப்பதற்கும் காலமில்லை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தவில் மலை சரிந்தபோது லயங்கள் மனிதரோடு புதைந்தன. லயத்து மக்களின் சுவடிக்கூடம் அவர்தம் தகரப்பெட்டியே. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவராக்கியபின், பிறப்புப் பத்திரமும் பழைய துண்டுகளும் உயிரினும் மேலாகக் காக்கப்படவேண்டியவையாயின. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி கடல் கடந்த உறவினரின் கடிதங்களும் அப்பெட்டிக்குள்ளேயே உள்ளன. லயம் புதையும்போது இச்சுவடிக்கூடமும் புதைந்துவிடுகின்றது.

ஆதலின் ஊவாவுக்கு இன்று வேண்டியது மாளிகை போன்ற நூதனசாலை அன்று, ஒரு பதிவேடு. தகரப்பெட்டிகளிலுள்ள தாள்கள் உரியவரிடமே இருக்கட்டும். அவற்றின் படிகள் பதுளையில் ஓரிடத்தில் திரட்டப்படல் வேண்டும். காமன் கூத்தில் ஆடியவர் யார், தப்படித்தவர் யார், எம்மலையில் எவர் கொழுந்தெடுத்தார் என்பன பெயருடன் எழுதப்படல் வேண்டும். எதனை வெளியிடுவது, எதனை மறைத்து வைப்பது என்பதை அம்மக்களே தீர்மானித்தல் முறையாகும். இதற்குப் பெருநிதி தேவையில்லை. லயங்களிலிருந்து பல்கலைக்கழகம் புகுந்த நாம் ஒவ்வொருவரும் விடுமுறையில் வீடு செல்லும்போது நம் வீட்டுப் பெட்டியிலிருந்தே இதனைத் தொடங்கலாம். நமது கேடயம் சிறிதாயினும் குற்றமில்லை. தப்படித்தவரின் பெயர் அதில் விடுபடாதிருத்தல் வேண்டும்.