கடைத்தொகுதிகளுக்கு நடுவே ஒரு சமூக மையம்: சிங்கப்பூர் காட்டும் வழியும் அதன் குறைகளும்

கடைத்தெருவின் நடுவே சமூக மையம் அமைக்கும்போது இரண்டு நோக்கங்கள் மோதுகின்றன. வந்தவர் பார்த்து, வாங்கி, அடுத்தவருக்கு வழிவிட வேண்டும் என்பது கடையின் கணக்கு. வந்தவர் உட்கார்ந்து, பேசி, நேரம் போவது தெரியாமல் தங்கிவிட வேண்டும் என்பது சமூக மையத்தின் கணக்கு. அக்கம்பக்கத்தில் குடியிருப்பவருக்கும் வெளியூரிலிருந்து வருபவருக்கும் ஒரே கூரையின் கீழ் இடம் தருவதென்றால் இந்த மோதலைக் கட்டட அமைப்பும் நிர்வாகமும் சேர்ந்துதான் தீர்க்க முடியும். இதை அரசின் கொள்கையாகவே எடுத்துக்கொண்டு, ஒன்றுக்கு மேற்பட்ட நகரியங்களில் கட்டிப் பார்த்த நாடு சிங்கப்பூர். அதனால் இந்த முறையின் நிறைகுறைகளை எடைபோட அது நல்ல களம்.

அங்கே சமூக நிலையங்களின் வரலாறு கடைகளோடு தொடங்கவில்லை. 1960 ஜூலை 1 அன்று மக்கள் கழகம் நிறுவப்பட்டது. அதன் பொறுப்பில் இருந்த சமூக நிலையங்கள் பெரும்பாலும் குடியிருப்புகளுக்கு நடுவே எளிய தனிக் கட்டடங்களாக இருந்தன. 1963இல் தொலைக்காட்சி வந்தபோது வீட்டில் பெட்டி வாங்க வசதியில்லாதவர்கள் அந்த நிலையங்களில் கூடிப் பார்த்தார்கள். வீடுதோறும் தொலைக்காட்சி வந்தபின் அந்த ஈர்ப்பு குறைந்தது. குளிரூட்டிய கடைத்தொகுதிகள் ரயில் நிலையங்களை ஒட்டி எழுந்தபோது ஊரின் நடமாட்டமும் அங்கே போய்ச் சேர்ந்தது. மக்கள் கூடுமிடத்துக்கே சமூக நிலையத்தைக் கொண்டுபோவது என்ற முடிவின் பலன்தான் 2010களிலிருந்து எழுந்த ஒருங்கிணைந்த நடுவங்கள். பிடோக்கிலும் தெம்பனிஸிலும் 2017இலும், அட்மிரல்ட்டியில் 2018இலும், பொங்கோலில் 2022இலும் அவை திறக்கப்பட்டன.

இவற்றில் நெருக்கமாக ஆராயத்தக்கது 'நமது தெம்பனிஸ் நடுவம்'. வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் 1970களின் இறுதியிலிருந்து கட்டியெழுப்பிய தெம்பனிஸ் நகரியம் 1992இல் உலக வாழ்விட விருது பெற்றது. இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் அங்கே வாழ்கிறார்கள். 1991இன் திட்டவரைவில் அது வட்டார மையமாகக் குறிக்கப்பட்டதால், தெம்பனிஸ் மால், செஞ்சுரி ஸ்குவேர், தெம்பனிஸ் ஒன் என்று மூன்று பெரிய கடைத்தொகுதிகள் ரயில் நிலையத்தைச் சுற்றி எழுந்தன. 1989 முதல் கிழக்கு மேற்குத் தடமும், 2017 அக்டோபர் முதல் டௌன்டவுன் தடமும் அங்கே நிற்கின்றன. ஆகவே அந்தத் தெருக்களில் நடப்பவர்களில் கணிசமானோர் அந்த ஊரில் குடியிருப்பவர்கள் அல்லர்.

பழைய விளையாட்டரங்கம் இருந்த 5.7 ஹெக்டேர் நிலத்தில், சுமார் 50 கோடி சிங்கப்பூர் வெள்ளி செலவில் நடுவம் எழுந்தது. 15,000க்கும் மேற்பட்ட குடியிருப்பாளர்களிடம் யோசனை கேட்டபின், டிபி ஆர்க்கிடெக்ட்ஸ் நிறுவனம் அதை வடிவமைத்தது. 2017 ஆகஸ்டில் பிரதமர் லீ சியன் லூங் அதிகாரபூர்வமாகத் திறந்து வைத்தார். 5,000 இருக்கைகள் கொண்ட காற்பந்தரங்கம், நீச்சல் குளங்கள், வட்டார நூலகம், கலையரங்கம், உணவங்காடி நிலையம், பேரங்காடி, அரசுச் சேவை முகப்பு, கூரைத் தோட்டம் எல்லாம் ஒரே வளாகத்தில் அடங்கியுள்ளன.

வசதிகளின் பட்டியலைவிட அவை வைக்கப்பட்டிருக்கும் வரிசைதான் இந்த வடிவமைப்பின் பலம். காற்பந்துத் திடல் நடுவில் இருக்க, மற்றவை அதைச் சுற்றி எழும்புகின்றன. சோறு வாங்கப் போகிறவரும் புத்தகம் திருப்பித் தர வந்தவரும் போகிற போக்கில் திடலில் நடக்கும் பயிற்சியைப் பார்க்கலாம். தெம்பனிஸ் ரோவர்ஸ் அணி ஆடுகிற அதே திடலைச் சுற்றி ஊரின் அன்றாட வேலைகள் நடக்கின்றன. வேடிக்கை பார்க்க ஏதாவது இருக்கும் இடத்தில் ஒருவர் சும்மா நிற்பதற்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. கையில் பை இல்லாமல் கடைத்தொகுதியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருக்கும் முதியவருக்கு ஏற்படும் கூச்சம் இங்கே எழுவதில்லை. சமூக மையத்தைக் கடைத்தொகுதியிலிருந்து பிரிக்கும் கோடு இந்த இடத்தில்தான் ஓடுகிறது. எதையும் வாங்காமல் கௌரவமாக எவ்வளவு நேரம் இருக்க முடியும் என்பதைத்தான் அத்தகைய கட்டடத்தின் முதல் சோதனையாகக் கொள்ள வேண்டும்.

தட்பவெப்பத்தையும் வடிவமைப்பாளர்கள் கருத்தில் கொண்டிருக்கிறார்கள். ஆண்டுக்குச் சுமார் 2,400 மில்லிமீட்டர் மழை பெய்யும், ஆண்டு முழுவதும் புழுங்கும் ஊர் அது. அங்கே திறந்த சதுக்கம் பகலில் வெறிச்சோடும். முழுக்கக் குளிரூட்டிய கூடமோ மின்கட்டணத்தை ஏற்றி, அந்தச் செலவை வாடகை வழியாக மீட்கும் கட்டாயத்தை உண்டாக்கும். கூரை போட்டு, பக்கங்களைத் திறந்துவிட்டு, காற்றோட்டத்தை நம்பிய பெரிய முற்றம் இரண்டுக்கும் நடுவான தீர்வு. கதவு இல்லாத முற்றத்தில் உள்ளே வரலாமா என்ற தயக்கமும் எழாது. பல சமூக மன்றங்களில் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனதும் முதலில் எதிர்ப்படுவது ஒரு வரவேற்பு மேசை. புதிதாக வருபவருக்கு அந்த மேசையே தடைதான்.

இன்னொரு சாதனை கட்டடத்தின் தோற்றத்தில் தெரியாதது. பத்துக்கு மேற்பட்ட அரசு அமைப்புகள் தங்கள் தனித்தனி மனைகளையும் சுவர்களையும் விட்டுக்கொடுத்து ஒரே வளாகத்துக்குள் வர ஒப்புக்கொண்டன. நூலகத்துக்கு ஒரு வாரியம், விளையாட்டுக்கு இன்னொன்று, உணவங்காடிக்கு வேறொன்று என்று பிரிந்துகிடந்தவற்றை மக்கள் கழகம் ஒருங்கிணைத்தது. கட்டடக்கலை இதழ்கள் இதற்கு அதிக இடம் தருவதில்லை. ஆனால் இந்த உடன்பாடு இல்லாவிட்டால், எந்த வடிவமைப்பாளராலும் நூலகத்தையும் நீச்சல் குளத்தையும் அருகருகே வரைய முடியாது.

இனிக் குறைகள். முதலாவது, அளவு. எல்லாம் ஓரிடத்தில் என்பது நகரியத்தின் மையத்தில் இருப்பவருக்கு வரம், ஓரத்தில் இருப்பவருக்குப் பயணம். பழைய சமூக நிலையத்துக்கு அந்த வட்டாரத்து மூதாட்டி செருப்பைப் போட்டுக்கொண்டு நடந்தே போய்விடலாம். இவ்வளவு பெரிய வளாகத்தில், ரயில் நிலையத்திலிருந்து வந்து, சரியான மின்தூக்கியைக் கண்டுபிடித்து, தனக்கான அறையை அடைவதே அவருக்கு ஒரு வேலை. பெரிய முற்றம் பெரிய விழாவுக்கு ஏற்றது. ஏழெட்டுப் பேர் பாட்டுப் பாடிப் பழகவோ கைவேலை செய்யவோ அது ஏற்றதல்ல. அந்தச் சிறு கூட்டங்கள் முன்பதிவு செய்த அறைகளுக்குள் போக வேண்டியிருக்கிறது. முன்பதிவும் கட்டணமும் வந்தபிறகு, தற்செயலாக எட்டிப்பார்த்து உள்ளே வந்து உட்காரும் பழக்கம் மெல்ல மறைகிறது. அடுக்குமாடி வீடுகளின் திறந்த கீழ்த்தளங்கள் இத்தனை ஆண்டுகளாகக் கேள்வி கேட்காமல் தந்து வந்த இடத்தைப் பெருநடுவங்களால் ஈடுசெய்ய முடியவில்லை.

இரண்டாவது குறை வணிகத்தோடு பின்னியது. இத்தகைய வளாகத்தைத் துப்புரவாக வைத்திருக்கப் பணம் வேண்டும், அதில் ஒரு பங்கு கடை வாடகையிலிருந்து வருகிறது. வாடகை நம்பத்தக்க வருவாய், சமூகக் கூடம் செலவு. பற்றாக்குறை வரும்போது எது சுருங்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. உணவங்காடி நிலையங்களை ஆதாய நோக்கற்றவை என்று அறியப்பட்ட நிறுவனங்களிடம் ஒப்படைத்த முறை 2018இல் கடும் விவாதத்துக்கு உள்ளானது. கடைக்காரர்கள்மீது சுமத்தப்பட்ட துணைக் கட்டணங்களும் நீண்ட வேலை நேர நிபந்தனைகளும் வெளியே தெரியவந்தபின், தேசியச் சுற்றுப்புற வாரியம் தலையிட்டு ஒப்பந்த விதிகளைத் திருத்தியது. மலிவான சாப்பாடுதான் குடியிருப்பாளரையும் வெளியாரையும் ஒரே மேசையில் உட்காரவைப்பது. அதைச் சமைப்பவரைக் கசக்கிப் பிழிந்து அந்த மலிவைப் பெறுவது சமூக மையத்தின் நோக்கத்துக்கே முரணானது.

குடியிருப்பாளரையும் வெளியாரையும் ஒரே இடத்தில் எப்படி வைப்பது என்ற கேள்விக்கு வேறு விடைகளும் உண்டு. வோஹா நிறுவனம் வடிவமைத்து, 2018இல் உலகின் சிறந்த கட்டடமாகத் தேர்வான கம்போங் அட்மிரல்ட்டி, 0.9 ஹெக்டேர் நிலத்தில் உயரத்தால் இதைத் தீர்க்கிறது. தரையில் எல்லாருக்குமான திறந்த முற்றமும், அதற்கு மேல் உணவங்காடியும், இன்னும் மேலே மருத்துவ நிலையமும் உள்ளன. உச்சியை நோக்கி ஏறும் தோட்டத் தட்டுகளோடு குழந்தைப் பராமரிப்பு நிலையமும் முதியோர் நிலையமும் சேர்ந்து அமைந்திருக்க, முதியோருக்கான 104 சிறு வீடுகள் இரண்டு கோபுரங்களில் இருக்கின்றன. மேலே போகப்போகக் கூட்டம் குறைந்து, தெரிந்த முகங்கள் கூடும். வாசலில் காவலாளி நின்று ஆளைப் பிரிக்க வேண்டியதில்லை. இந்தச் சிறு நிலத்துத் தீர்வு தெம்பனிஸின் பரப்பைவிடப் பக்குவமானது.

டோக்கியோவின் அசாகுசாவில் கெங்கோ குமா வடிவமைத்து 2012இல் திறக்கப்பட்ட பண்பாட்டுச் சுற்றுலாத் தகவல் மையம் நேர்மாறான வழியை எடுத்தது. காமினாரிமோன் வாயிலுக்கு எதிரே, 326 சதுர மீட்டர் மனையில், சாய்கூரை வீடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தது போன்ற எட்டு மாடிகள். கட்டணம் இல்லாத உச்சி மாடத்துக்குச் சுற்றுலாப் பயணி நேரே ஏறிப்போய், நாகாமிசே கடைவீதியையும் சென்சோஜி ஆலயத்தையும் பார்த்துவிட்டு இறங்குகிறார். கூட்ட அறைகள் இடைப்பட்ட மாடிகளில் இருக்கின்றன. அழகில் குறைசொல்ல முடியாத கட்டடம் அது. ஆனால் பயணியும் உள்ளூர்வாசியும் மின்தூக்கியில் தவிர வேறெங்கும் சந்திக்க அதன் அமைப்பு வாய்ப்பளிப்பதில்லை. விருந்தினரை நன்றாக வரவேற்கும் கட்டடம் என்பதற்கு மேல் அதைச் சமூக மையம் என்று சொல்வது கடினம்.

மூன்றாவது குறைதான் மிகக் கடுமையானது. குடியிருப்பாளர், வருகையாளர் என்ற இரண்டு பெட்டிகளுக்குள் அடங்காதவர்கள் இருக்கிறார்கள். சிங்கப்பூரில் ஞாயிற்றுக்கிழமைதோறும் லிட்டில் இந்தியாவுக்கு வரும் தமிழகத் தொழிலாளர்களும் வங்காளதேசத் தொழிலாளர்களும் சுற்றுலாப் பயணிகள் அல்லர், அந்த வட்டாரத்தில் வீடு உள்ளவர்களும் அல்லர். ஊருக்குப் பணம் அனுப்பவும், மளிகை வாங்கவும், சொந்த ஊர்க்காரரைப் பார்க்கவும் வருகிறார்கள். அங்குள்ள தேக்கா நிலையம் 1982இல் ஈரச்சந்தையாகவும் உணவங்காடியாகவும் துணிக்கடைகளாகவும் திறக்கப்பட்டது. சமூக மையம் என்ற பெயர் இல்லாமலே அது அவர்களுக்கும் இடம் கொடுக்கிறது. ஆனால் சாப்பிட்டு முடித்தபின் உட்கார இடம் தேடி அவர்கள் புல்வெளிகளுக்கும் அடுக்குமாடிக் கீழ்த்தளங்களுக்கும் போனபோது குடியிருப்பாளர்கள் முறையிட்டார்கள், சில கீழ்த்தளங்களில் தடுப்புக் கம்பிகள் எழுந்தன.

2013 டிசம்பர் 8 அன்று லிட்டில் இந்தியாவில் பேருந்து மோதித் தமிழகத் தொழிலாளி ஒருவர் இறந்ததை அடுத்துக் கலவரம் மூண்டது. அதன் தொடர்ச்சியாக 2015இல் வந்த மதுக் கட்டுப்பாட்டுச் சட்டம் அந்த வட்டாரத்தைத் தனிக் கட்டுப்பாட்டுப் பகுதியாக்கியது. தொழிலாளர் விடுதிகளை ஒட்டிப் பொழுதுபோக்கு நிலையங்கள் பெருகின. அவை பயனுள்ளவையே. ஆனால் கடைத்தெருவுக்கு வருபவரை அங்கே வராமலிருக்கச் செய்வது வடிவமைப்பின் தோல்வியை ஒப்புக்கொள்வதாகும். கழிப்பறை, குடிநீர், நிழலான இருக்கை, பொருள் பாதுகாப்புப் பெட்டகம், தாய்மொழியில் உதவி சொல்லும் ஒரு முகப்பு ஆகியவை அந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தின் தேவைகள். தெம்பனிஸின் நீச்சல் குளத்துக்கு ஆகும் செலவில் சிறு பகுதியிலேயே இவற்றைச் செய்துவிடலாம்.

தெம்பனிஸ் நடுவம் அரசு அமைப்புகளை இணைத்ததிலும், வாங்காதவரும் தங்கும் முற்றத்தைத் தந்ததிலும் வென்றிருக்கிறது. சிறு கூட்டங்களுக்கு இடம் விடுவதிலும், உணவுக் கடைக்காரர்களின் நிலையை முதலிலேயே சிந்திப்பதிலும் இந்த முறை பின்தங்கியது. அடுத்த நடுவத்தைத் திட்டமிடுபவர்கள் குடியிருப்பாளர்களிடம் மட்டும் யோசனை கேட்பதை மாற்ற வேண்டும். அந்தத் தெருவை வாரத்தில் ஒரு நாள் மட்டும் பயன்படுத்துபவர்களிடமும், அங்கே வேலை செய்பவர்களிடமும் கேட்டுத்தான் வரைபடத்தைத் தொடங்க வேண்டும். புதிய நகரியங்களில் எழுந்த இத்தகைய கட்டடம் லிட்டில் இந்தியாவில் இன்னும் எழவில்லை. அதன் தேவை மிக அதிகமாக உள்ள இடம் அதுவே.