கரிசலில் கலர் போட்டவர்கள்

வண்ணப் புகைப்படத்தின் வயது கேட்டால் புத்தகங்கள் 1861-ஐச் சொல்லும். சிவப்பு, பச்சை, நீலக் கண்ணாடிகள் வழியே ஒரு நாடாவை மூன்று முறை படமெடுக்கச் செய்து, மூன்றையும் ஒரே திரையில் சேர்த்து விழ வைத்துக் காட்டினார் இயற்பியலாளர் மாக்ஸ்வெல். 1907-இல் லூமியேர் சகோதரர்கள் உருளைக்கிழங்கு மாவுத் துகள்களுக்குச் சாயமேற்றி ஆட்டோகுரோம் தகடு விற்றார்கள். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்க்கும் கண்ணாடி அது. சட்டம் போட்டு முன்வீட்டுச் சுவரில் மாட்ட ஆகாது.

கரிசல் ஊரான கோவில்பட்டிக்கு வண்ணம் தூரிகையில்தான் வந்தது. சி. கொண்டையராஜு (1898–1976) சென்னை ஓவியப் பள்ளியில் படித்தவர். ரமணாசிரமத்தில் சில காலம் இருந்துவிட்டு நாடகக் குழுவுக்குத் திரைச்சீலை எழுதப் போனார். 1940-களில் குழு இங்கே கலைந்தது, அவர் தங்கிவிட்டார். அவர் வேலை செய்த தேவி ஆர்ட் ஸ்டுடியோவில் படம் பிடிப்பதும் படம் எழுதுவதும் ஒரே கூரையின் கீழ் நடந்தன. டி. எஸ். சுப்பையா, ராமலிங்கம், அருணாசலம் என்று சீடர் வரிசை வளர்ந்தது.

கறுப்பு வெள்ளைப் படத்துக்குக் கலர் போடுவதில் இரண்டு கட்சி உண்டு. செபியா ஏற்றிய மேட் தாளில் எண்ணெய் வண்ணத்தைப் பஞ்சால் மெல்லத் தேய்ப்பது ஒன்று. அடியிலுள்ள நிழல் அப்படியே தெரியும். முகத்தை மட்டும் விட்டு, சேலை, நகை, பின்திரை எல்லாவற்றையும் கெட்டி வண்ணத்தால் மூடுவது மற்றது. கல்யாண வீட்டார் இரண்டாவதற்கே மனமுவந்து காசு கொடுத்தார்கள். என் ஓட்டு முதலாவதற்கு. கன்னத்துச் சிவப்பு எங்கே தொடங்கியது என்று காட்டிக் கொடுக்காத கைதான் தேர்ந்த கை. பின்னால் வந்த கலர் பிரிண்டுகளில் பல சாயம் போய்ச் செந்நிறமாகக் கிடக்க, கலர் போட்ட தாத்தாக்கள் பலர் இன்னும் தெளிவாகவே இருக்கிறார்கள்.

மாக்ஸ்வெல்லின் சூத்திரம் கரிசலுக்குள் நுழைந்த வழி சிவகாசி. கொண்டையராஜு, சுப்பையா கையெழுத்திட்ட சாமி படங்கள் காலண்டராக அச்சேறியது அங்கேதான். பழைய லித்தோவில் ஓவியரே கண்ணால் நிறம் பிரித்துப் புள்ளி வைப்பார். பிறகு பிராசஸ் கேமரா அந்த வேலையை எடுத்துக்கொண்டது: நீல ஃபில்டர் வழி எடுத்தது மஞ்சள் தகடாகும், பச்சை வழி எடுத்தது மெஜந்தா, சிவப்பு வழி எடுத்தது சியான், கடைசியில் கறுப்பு. நாலும் ரிஜிஸ்டர் சேர வேண்டும், அதாவது ஒன்றன்மேல் ஒன்று பிசகாமல் விழ வேண்டும். கஜலட்சுமியின் உதட்டுக்கு இரண்டு கரை தெரிந்தால், இருபுறமும் நிற்கும் யானைகள் எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் அந்தத் தாள் கழிவுதான்.