'உண்மையான நிரலாளர்': ஒரு கணினி நையாண்டியின் இரு முகங்கள்

'உண்மையான நிரலாளர்கள் பாஸ்கல் பயன்படுத்துவதில்லை' என்பது அமெரிக்கரான எட் போஸ்ட் எழுதிய நையாண்டிக் கட்டுரை. 1983 ஜூலையில் 'டேட்டமேஷன்' இதழில், ஆசிரியருக்குக் கடிதமாக வெளிவந்தது. புரூஸ் ஃபைர்ஸ்டீன் 1982-இல் எழுதிய 'உண்மையான ஆண்கள் கீஷ் சாப்பிடுவதில்லை' என்ற நகைச்சுவை நூலின் பாணியைப் பின்பற்றியது. கீஷ் என்பது முட்டை சேர்த்துச் சுடப்படும் பிரெஞ்சு உணவு. அந்நூலில் கீஷ் உண்பவருக்குக் கிடைத்த ஏளனம், இங்கே பாஸ்கல் மொழியில் நிரல் எழுதுபவருக்குக் கிடைக்கிறது.

நகைச்சுவை

போஸ்ட் காட்டும் நிரலாளர் எதையும் ஃபோர்ட்ரானில்தான் எழுதுவார். மனைவியின் பெயர் அவருக்குத் தெரியுமோ தெரியாதோ, ஆஸ்கி குறியீட்டு அட்டவணை முழுவதும் தெரியும். இறுதிச் சடங்கிலும், இறந்தவர் முடிக்காமல் விட்ட நிரலை எண்ணித்தான் வருந்துவார். இவை மிகைப்படுத்தல்கள். ஆனால் அத்தொழிலில் இருப்பவர் அதில் தன்னையே கண்டு சிரிக்க முடியும். கட்டுரையின் பலம் இதுவே.

ஏளனத்துக்கு உள்ளாகுபவர் யார்?

பாஸ்கல், நிக்லாஸ் விர்த் 1970-இல் வெளியிட்ட மொழி. நிரலாக்கத்தை ஒழுங்காகக் கற்பிப்பது அதன் முக்கிய நோக்கங்களுள் ஒன்று. ஆகவே பாஸ்கலை இகழும்போது, கற்கும் மாணவரும் சேர்ந்தே இகழப்படுகிறார். சொந்தக் கணினி வைத்திருக்கும் பள்ளி மாணவர்கள் பழைய நிரலாளரின் இடத்தைப் பிடித்துவிடுவார்கள் என்ற கவலை, வேடிக்கையாகவே என்றாலும், கட்டுரையின் தொடக்கத்திலேயே வருகிறது. சிரிப்புக்கு அடியில் அச்சம் இருக்கிறது.

இந்த 'உண்மையான நிரலாளர்' ஓர் ஆண். மேலே சொன்ன வேடிக்கையில் பெண் வருவது பெயர் மறந்த மனைவியாகத்தான். ஆனால் 1946-இல் உலகுக்கு அறிமுகமான எனியாக் கணினிக்கு நிரல் அமைத்த முதல் குழுவினர் ஆறு பெண்கள். தொகுப்பி உருவாக்கத்தில் முன்னோடியான கிரேஸ் ஹாப்பரும் பெண்ணே. ஆண் பிம்பம் தொழிலின் வரலாற்றோடு பொருந்தவில்லை.

மெல்லின் கதை

உண்மையான நிரலாளர் ஃபோர்ட்ரானில் எழுதுவார் என்ற பேச்சுக்கு மறுமொழியாக, அதே 1983-இல் எட் நேதர் 'மெல்லின் கதை'யை எழுதினார். அதன் நாயகன் மெல், தொகுப்பிகளையே ஏற்காமல் நேரடியாக இயந்திர மொழியில் எழுதுபவர். அவர் முன்னால் ஃபோர்ட்ரானும் சொகுசாகிவிடுகிறது. பாஸ்கலுக்கு மேலே ஃபோர்ட்ரான், ஃபோர்ட்ரானுக்கு மேலே இயந்திர மொழி என்று ஏணி நீள்கிறதே தவிர, 'உண்மையான' என்ற சொல்லுக்கு நிலையான பொருள் கிடைப்பதில்லை.

மெல்லின் திறமை வியப்புக்குரியதே. எனினும் அவர் வேலையை விட்டுச் சென்றபின், அவர் எழுதிய சீட்டாட்ட நிரலில் ஒரே ஒரு சுழற்சியைப் புரிந்துகொள்ள நேதருக்கு இரண்டு வாரங்கள் ஆயின. கதை இதைப் பெருமையாகச் சொல்கிறது. நிரலைப் பின்னர் பராமரிக்க வேண்டியவர் அதைக் குறையாகவே காண்பார்.

மதிப்பீடு

தன்னையே கேலி செய்யும் எழுத்தாக, போஸ்டின் கட்டுரை இன்றும் சிரிக்க வைக்கிறது. அதை யார் நிரலாளர் என்று தீர்மானிக்கும் அளவுகோலாக எடுத்துக்கொள்வதுதான் தவறு. இப்படிப்பட்ட கேலி வகுப்பறைக்குள் நுழைந்தால், எளிய மொழியில் தொடங்கும் மாணவர் சந்தேகம் கேட்கத் தயங்குவார். கேட்காத சந்தேகத்தை எந்த ஆசிரியராலும் தீர்க்க முடியாது.